சுமக்கிறவர் அப்பாவாக இருக்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துத் திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்பவர். வயது 29, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நான்கு வருடமாக ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறார். மார்பு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அப்படியே இருக்கின்றன. கோயிலில் தாலி கட்டிய மனைவிக்குச் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருக்கிறது. கர்ப்பம் அவர் உயிருக்கே ஆபத்து என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார். "ஊசியால முட்டையெல்லாம் போயிருக்குமா? நிறுத்துனா நானே சுமக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம், மறந்துபோனதைச் சேர்த்த மாதிரி கடைசியில் ஒரு வரி: "பொறந்தா என்னை அப்பான்னு கூப்பிட எங்க ஊர்ல விடுவாங்களா?" அவர் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் மகப்பேறு மருத்துவர். ஈரோடு மாவட்டத்தில் அரசுப் பணியிலும் பிறகு சொந்த கிளினிக்கிலும் பல வருடம் பிரசவம் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் திருநம்பிகளில் பெரும்பாலானவர்கள் மாதவிலக்கை நிறுத்த, கர்ப்பப்பையை எடுக்க, அடிவயிற்று வலிக்கு என்று வருபவர்கள். கர்ப்பம் வரை போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே உடம்பைப் பற்றி நான் எழுதுவதில் ஒரு பகுதி பார்த்தது, ஒரு பகுதி படித்தது. சட்டத்தைப் பற்றி எழுதுவதெல்லாம் படிவங்களோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டது. வக்கீல் சொல்வதற்கு அது ஈடாகாது.

தம்பி, முட்டைகள் "போயிருக்காது". டெஸ்டோஸ்டிரோன் சினைப்பையைத் தூங்க வைக்கிறது, காலி செய்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஊசியை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் மாதவிலக்கு திரும்பிவிடுகிறது. நிறுத்திவிட்டுக் கருத்தரித்து நல்லபடியாகப் பெற்றவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், இந்தியாவிலும் இருக்கிறார்கள். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்னொன்றும் நிச்சயம்: ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, விலக்கு வராத நிலையிலும்கூட, கர்ப்பம் நிகழலாம். ஊசியே கருத்தடை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கரு உருவாகும் நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் இருக்கக் கூடாது என்பதிலும் இரண்டு கருத்து இல்லை. பெண் கருவாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே அது மாற்றிவிடும்.

சந்தேகமான இடங்களுக்கு வருகிறேன். எத்தனை மாத இடைவெளி போதும் என்பதற்கு உறுதியான கணக்கு கிடையாது. குறைந்தது மூன்று மாதம் என்று நான் சொல்வேன். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் போடும் ஊசியைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடும் நீண்டகால ஊசி உடம்பை விட்டுப் போக அதிக நாள் எடுக்கும். நீங்கள் எது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை, அதைப் பார்க்க வேண்டும். பல வருட ஊசி முட்டையின் தரத்தைப் பாதிக்குமா என்பதில் இதுவரை வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவை சிறியவை, போதுமான காலம் தொடர்ந்து பார்த்தவையும் அல்ல. உங்கள் வயதில், ஊசியைவிட வருடம் ஓடுவதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

நிறுத்தினால் என்ன திரும்பும், என்ன திரும்பாது என்பதுதான் நிறையப் பேரின் உள்பயம். உடைந்த குரல் உடைந்ததுதான். தாடி வளர்வது கொஞ்சம் மெதுவாகலாம், போய்விடாது. கொழுப்பு படியும் இடம் மாறும், இடுப்பு கொஞ்சம் பெருக்கும், தசை இளகும். மாதவிலக்கு வரும், அது பலருக்கு ரத்தத்தைவிட மனதில் கனமானது. இன்னொரு சின்ன விஷயம், மருத்துவர்களே கோட்டைவிடுவது: ஊசி போடும்போது ஹீமோகுளோபின் ஆண்களின் அளவில் நிற்கும். நிறுத்தியதும் இறங்கும், கர்ப்பத்தில் இன்னும் இறங்கும். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து "ரத்தம் நல்லா இருக்கு" என்று யாராவது இரும்புச்சத்து மாத்திரையைத் தள்ளிப்போட்டால் விட்டுவிடாதீர்கள்.

விந்தணுவுக்கு எங்கே போவது? இங்கே ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். மனைவியின் சொந்தத்திலேயே ஒரு பையனிடம் வாங்கிக்கொண்டால் "ரத்தம் வெளிய போகாது" என்று யாராவது ஒரு பெரியம்மா யோசனை சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். செய்ய வேண்டாம். நோய்ப் பரிசோதனை இருக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, ஐந்து வருடம் கழித்து அந்தப் பையன் ஒரு விசேஷ வீட்டில் தண்ணி போட்டுவிட்டு "அது என் புள்ளை" என்று சொன்னால், அவன் வாயை மூட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. 2021-ஆம் ஆண்டு செயற்கை முறைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கி மூலம் வாங்கினால், கொடுத்தவருக்குக் குழந்தை மேல் எந்த உரிமையும் கிடையாது. சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே சட்டம் அதை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அதே சட்டத்தில்தான் முட்டுக்கட்டையும் இருக்கிறது. சிகிச்சை பெறத் தகுதியானவர்களாக அது இரண்டு வகையினரைத்தான் சொல்கிறது: கருத்தரிக்க இயலாத திருமணத் தம்பதி, அல்லது 21 வயது கடந்த பெண். சுமக்கப்போகிற கணவன் என்று ஒருவர் இருப்பார் என்பது அதை எழுதியவர்கள் மனதில் இல்லை. நீங்கள் ஆதாரில் ஆண் என்று மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 'பெண்' என்ற வழி உங்களுக்கு இல்லை. 'தம்பதி' என்ற வழிக்குத் திருமணப் பதிவு வேண்டும். கோயில் ரசீது போதாது. தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பிலேயே, ஆண்–பெண் உறவில் உள்ள திருநர் நடப்பிலுள்ள சட்டங்களின்படி திருமணம் செய்யலாம் என்று தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்பே, 2019-இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. ஆகவே முதலில் பாலின அடையாளச் சான்று, பிறகு திருமணப் பதிவு, அதற்குப் பிறகு கிளினிக் என்ற வரிசையில் போங்கள். அடையாளச் சான்றுக்கான விதிகளை விண்ணப்பிக்கிற அன்றைக்கு உள்ளபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கையில் இருந்தும் கிளினிக் தயங்கலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டு ஒரு வக்கீலின் எழுத்தோடு போனால் பேச்சின் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாடகைத்தாய் முறையையும் சொல்லிவிடுகிறேன். பதிவான தம்பதி, மனைவிக்குச் சுமப்பது உயிராபத்து என்ற மருத்துவச் சான்று, மனைவியின் முட்டை, தானம் பெற்ற விந்தணு. 2024 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்ட பிறகு, சட்டத்தின் எழுத்துப்படி இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் காசு வாங்காமல் சுமக்க முன்வரும், ஏற்கெனவே குழந்தை பெற்ற, 25 முதல் 35 வயதுக்குள் உள்ள ஒரு பெண் வேண்டும். மனைவியின் இதயம் முட்டை எடுக்கும் ஊசிகளைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். தத்தெடுப்பு என்றால், தம்பதியாக விண்ணப்பிக்க இரண்டு வருட நிலையான மண வாழ்க்கை தேவை. தனி ஆணாகப் போனால் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். இரண்டுமே மரியாதையான வழிகள். நீங்கள் கேட்டது இதையில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

கர்ப்பம் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடம்பு படுத்தும் பாட்டைவிட வரிசையில் உட்காரும் பாடு பெரிது. கர்ப்பிணிகள் ஓ.பி.யில் ஒரு பெஞ்சை நினைத்துப் பாருங்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு துணைக்கு மாமியாரோ அம்மாவோ, நடுவில் தாடியோடு ஒருவர், கையில் சிறுநீர் பரிசோதனைக் குப்பி. "ஏனுங், ஆம்பளைங்க வெளிய நில்லுங்" என்று பக்கத்தில் இருக்கும் அம்மா சொல்வார். அவர் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். நர்ஸ் உள்ளிருந்து பழைய பெயரைச் சொல்லிக் கத்துவார். மூன்று தரம் கத்திவிட்டுச் சீட்டை அடியில் வைத்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படியே இரண்டு மாதம் பரிசோதனைக்கு வராமல் விட்டார், ரத்த அழுத்தம் ஏறிய பிறகுதான் வந்தார். நாங்கள் செய்த மாற்றம் மிகச் சின்னது. அவருடைய நேரத்தை அன்றைய கடைசிக்கு வைத்தோம், சீட்டில் இனிஷியல் மட்டும் எழுதினோம், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் போனில் அழைத்தோம். இதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, எந்த மருத்துவமனைக்கும் இதனால் காசு செலவில்லை.

காகிதத்தில் இரண்டு இடங்களை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ஒன்று ஸ்கேன். கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'ஃபார்ம் எஃப்' நிரப்ப வேண்டும். அது கர்ப்பிணிப் பெண் என்றே கேட்கும். அடையாள அட்டையில் ஆண் என்று இருந்தால் ஸ்கேன் சென்டர்காரர் பயப்படுவார், அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அந்தப் படிவத்தில் பிழை இருந்தால் அவர்மேல்தான் வழக்கு வரும். மருத்துவரே முன்னதாகப் பேசி, ஒரே சென்டரில் எல்லா ஸ்கேனையும் எடுப்பது நல்லது. மற்றது பிக்மி எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து அந்த எண்ணை வாங்கினால்தான் பிறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் வரும். கிராம சுகாதார செவிலியர்தான் பதிவார். பல இடங்களில் இந்தச் செவிலியர்கள் ஊரில் யாரைவிடவும் நிதானமானவர்கள். ஆனால் அவரிடம் சொன்னது அங்கன்வாடி வரை போய்விடுமோ என்று பயந்தால், வேலை செய்யும் திருப்பூரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மார்பு அறுவை முடிந்திருந்தாலும் கொஞ்சம் சுரப்பித் திசு மிச்சம் இருக்கும். கர்ப்பத்தில் அது லேசாக வீங்கலாம், பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் கட்டிக்கொண்டு வலிக்கலாம், சொட்டுப் பால்கூட வரலாம். தெரியாமல் இருந்தால் அந்த மூன்றாம் நாள் மனதை உடைத்துவிடும். தெரிந்திருந்தால் குளிர்ந்த ஒத்தடமும் மாத்திரையும் போதும். குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனைகளில் கேட்கலாம், ஆனால் அங்கே குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் முன்னுரிமை.

பிரசவம் சுகப்பிரசவமாகவும் ஆகலாம், டெஸ்டோஸ்டிரோன் இடுப்பெலும்பைப் பூட்டிவிடாது. உள்பரிசோதனைகளைத் தாங்க முடியாது என்பதற்காகவே சிசேரியன் கேட்பவர்கள் உண்டு. நான் அதைச் சாக்கு என்று நினைப்பதில்லை. எட்டாம் மாதத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும், வலி எடுத்த பிறகு அல்ல. ஊசியை எப்போது மறுபடி தொடங்கலாம் என்று பிரசவத்தன்றே கேட்பார்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ரத்தக் கட்டி அபாயம் உள்ள காலம் என்பதால் நான் அதைத் தாண்டிப் போகச் சொல்வேன். மற்ற மருத்துவர்கள் சற்று முன்னே பின்னே சொல்லலாம். இந்த ஒன்றரை வருடமும் மனது தரையில் தட்டும் நாட்கள் வரும். யாரிடம் பேசுவது என்று ஊசியை நிறுத்தும் முன்பே முடிவு செய்யுங்கள். நடுராத்திரி என்றால் 14416, டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசில்லை.

சரி, கடைசி வரிக்கு வருகிறேன்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றவர் பெயர் தாய் என்ற இடத்தில்தான் வழக்கமாக ஏறும். 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் திருநம்பி ஸஹத் குழந்தை பெற்றபோதும் அப்படித்தான் நடந்தது: அவர் தாய், அவருடைய இணையரான திருநங்கை ஸியா தந்தை என்று எழுதினார்கள். அவர்கள் வழக்குப் போட்டு, 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் இருவரையும் பாலினம் குறிக்காமல் பெற்றோர் என்று மட்டும் எழுதச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் ஊர்ப் பதிவாளரைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டாகக் காட்டலாம். அப்படி ஓர் உத்தரவு உங்களுக்கும் கிடைக்கும் வரையில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது: சான்றிதழில் மனைவிக்கு இடமே இல்லாமல் போனால் அவர் குழந்தைக்குச் சட்டப்படி அந்நியர். திருமணப் பதிவும் தம்பதியாகச் சிகிச்சை பெற்ற காகிதமும் அதற்காகத்தான். கூடவே மனைவியைக் காப்பாளராக நியமித்து ஓர் உயிலும் எழுதி வையுங்கள். இனிஷியலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தமிழ்நாட்டில் தாய் பெயரின் எழுத்தையும் போடலாம். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் குழந்தைக்கு முன்னால் நிற்பது உங்கள் பெயரின் எழுத்துதான்.

ஆனால் நம் பக்கத்தில் ஒருவரை அப்பா ஆக்குவது சான்றிதழ் இல்லையே, முறைதான். நீங்கள் அம்மா என்றால் உங்கள் அண்ணன் குழந்தைக்குத் தாய்மாமன், அவர் பிள்ளைகள் முறைக்காரர்கள். நீங்கள் அப்பா என்றால் அவர் பெரியப்பன், அவர் பிள்ளைகள் அண்ணன் தங்கை, குழந்தை உங்கள் கூட்டம் (குலம்), முடியிறக்குவது உங்கள் குலதெய்வக் கோயிலில். ஊர் சிரிப்பதோ முணுமுணுப்பதோ இதைத் தீர்மானிப்பதில்லை. சீர் செய்ய வேண்டியவர்கள் எந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

நான் பிரசவம் பார்த்த ஒருவர் காங்கேயம் பக்கம். சொல்லலாம் என்று அவரே சொன்னார், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். குழந்தைக்குக் காது குத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமன் யாருங், மடியில வெச்சுக்கங்" என்றார். கூட்டம் மொத்தமும் திருநம்பியின் அண்ணன் முகத்தைப் பார்த்தது. அவர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, "நான் பெரியப்பனுங். மாமன் அந்தா, தட்டத்தோட நிக்கறாரு பாருங்" என்று தம்பி மனைவியின் உடன்பிறந்தவரைக் கை காட்டினார். அந்தப் பையன் வந்து உட்கார்ந்தான், குழந்தை வீறிட்டது, வேலை முடிந்தது. ஆசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவருக்கு அடுத்த காது குத்து எங்கேயோ இருந்தது. பங்காளிகளில் பாதிப் பேர் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இலை போட்டது மிஞ்சியது. அந்த அண்ணன் அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். கோயில் கும்பாபிஷேகத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கியபோது தன் தம்பி பெயரைத் தனித் தலைக்கட்டாக எழுதச் சொல்லிக் காசைக் கட்டிவிட்டார். ரசீது இருக்கிறவனை யாரும் அவ்வளவு சுலபமாக மகள் வழி என்று சொல்ல முடியவில்லை.

எல்லோருக்கும் அப்படி ஓர் அண்ணன் வாய்ப்பதில்லை. உங்கள் வீட்டில் யார் அந்த ஆள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் ஒருவர், மனைவி பக்கத்தில் ஒருவர், ஆக இரண்டு பேர் தங்கள் முறையை வாய்விட்டுச் சொல்லத் தயாராக இருந்தால், குழந்தை பேச ஆரம்பிக்கும்போது கூப்பிடும் வார்த்தை அதன் காதில் ஏற்கெனவே இருக்கும். கட்டுச்சோறு, வளைகாப்பு எல்லாம் வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். வளையல் போடும் சடங்கை மனைவிக்குச் செய்து குழந்தையை வரவேற்ற வீடும் உண்டு.

பணம், விடுப்பு பற்றி ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.யில் பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளப் பலன் உண்டு, ஆனால் விதி பெண் தொழிலாளி என்றே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பதிவில் என்ன பாலினம் இருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள். ஆண் என்று இருந்தால் அந்தப் பலன் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள், ஆறு மாதச் செலவைக் கையில் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்த ஊசியை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முதலில் ஸ்கேனும் தைராய்டு, சர்க்கரை, ருபெல்லா பரிசோதனைகளும் எடுத்துவிட்டு, வங்கியும் கிளினிக்கும் காகிதமும் ஒரு நிலைக்கு வந்த பிறகு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஊசியும் இல்லாமல் குழந்தையும் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிடும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்க மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். மனைவி வால்வுக்காக மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி போடுகிறவராக இருந்தால், உங்கள் கர்ப்ப அலைச்சலில் அதைத் தவற விட்டுவிடாதீர்கள். குழந்தையோடு ராத்திரி முழித்திருக்கப்போவதில் பாதி அவர்தான், அவருடைய எக்கோ ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.